டிரெய்லர் இழுக்கும் முன் ஹாரி பெர்குசனைத் தெரிந்துகொள்ளுங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்போது பல விவசாயிகளின் வீட்டு வாசலில் டீசல் பிக்கப் வண்டி நிற்கிறது. மதுராந்தகம் பக்கம் நெல் மூட்டை, செய்யூர் பக்கம் சவுக்கு, கடலோர மணல் காடுகளில் நிலக்கடலை, தர்பூசணி என்று பிக்கப்புக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. அறுவடை நேரத்தில் ஒரே நடையில் கூடுதல் சுமை கொண்டுபோக, பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிவிடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. டிராக்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும்.

சின்ன விஷயம் இல்லை. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் சுமைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு இணைப்பில்தான் உயிரே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளவே தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹாரி பெர்குசன். மாஸி பெர்குசன் டிராக்டரின் பின்பாதிப் பெயர் அவருடையதுதான். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், கொக்கியில் டிரெய்லரை மாட்டும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

வயலை விட்டு வந்த விவசாயி மகன்

ஹாரி பெர்குசன் 1884 நவம்பர் 4 அன்று அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் கவுண்டியைச் சேர்ந்த குரோவெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பதினோரு பிள்ளைகளில் ஒருவர். குதிரை பூட்டி உழும் நிலத்தில் சிறு வயதிலேயே வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த உழைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. 1902-ல் பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் போய்ச் சேர்ந்தார்.

இயந்திரம் அவருக்குக் கைவந்தது. மோட்டார் சைக்கிள், கார் பந்தயங்களில் ஓட்டினார். பிறகு விமானத்தில் ஆர்வம் வந்தது. தாமே வடிவமைத்துக் கட்டிய விமானத்தில் 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் பறந்தார். அயர்லாந்து மண்ணிலிருந்து இயந்திர விமானத்தில் முதலில் எழும்பியவர் அவரே. 1911-ல் சொந்தமாகக் கார் வியாபாரம் தொடங்கினார். வில்லியம் சாண்ட்ஸ் என்ற திறமையான மெக்கானிக் அவரோடு சேர்ந்தார். பின்னால் வந்த கண்டுபிடிப்புகள் பலவற்றில் சாண்ட்ஸின் கைவேலையும் உண்டு.

டிராக்டர் ஆளைக் கொன்ற காலம்

முதல் உலகப் போர் நடந்த நேரம். கப்பலில் தானியம் வருவது தடைப்பட்டதால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உணவுத் தட்டுப்பாடு. கிடைத்த நிலத்தையெல்லாம் உழுதாக வேண்டும் என்று அரசு நெருக்கியது. 1917-ல் அயர்லாந்து வேளாண் வாரியம், டிராக்டர்களின் வேலைத்திறனைக் கூட்டும் பொறுப்பை பெர்குசனிடம் கொடுத்தது. அவரும் சாண்ட்ஸும் பண்ணை பண்ணையாகப் போனார்கள். டிராக்டரையும் கலப்பையையும் எப்படிச் சரிசெய்து ஓட்டுவது என்று விவசாயிகளுக்குச் செய்து காட்டினார்கள். இன்று நாங்கள் வேளாண் விரிவாக்கம் என்று சொல்கிறோமே, அதே வேலை.

அப்போதைய முறை எப்படி என்றால், குதிரைக்குப் பின்னால் கலப்பையைக் கட்டுவதுபோல் டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டி இழுப்பதுதான். இதில் இரண்டு குறைகளைப் பெர்குசன் கண்டார். ஒன்று, பின்சக்கரம் வழுக்காமல் இருக்க டிராக்டரையே மிகக் கனமாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கனம் மண்ணை அழுத்தி இறுக்கியது. இரண்டாவது குறை உயிரைப் பறித்தது. கலப்பைக் கொழு ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கினால் பின்சக்கரம் நின்றுவிடும், இயந்திரம் நிற்காது. சக்கரத்தைச் சுழற்ற முடியாத விசை, டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி, வண்டி பின்னால் கவிழ்ந்து ஓட்டுநர் மேலேயே விழும். இப்படிப் பலர் இறந்தார்கள்.

இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். சேற்றில் சிக்கிய வண்டியையோ மரத்தையோ இழுக்க, டிராக்டரின் பின் அச்சுக்கு மேலே சங்கிலியைக் கட்டுகிறவர்களை இப்போதும் பார்க்கலாம். கட்டும் இடம் உயர உயர, முன்பக்கம் எளிதாகத் தூக்கும். எதை இழுத்தாலும் தயாரிப்பாளர் கொடுத்த இழுவைச் சட்டத்திலோ கொக்கியிலோ மட்டுமே கட்டுங்கள்.

மூன்று புள்ளியில் கிடைத்த விடை

பெர்குசன் கண்ட விடை எளிமையானது: கலப்பையை இழுக்காதே, டிராக்டரின் உடலோடு ஒன்றாக்கு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என மூன்று இடங்களில் கருவியை இணைத்தார். மண் கலப்பையை எதிர்க்கும்போது, மேல்கை டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். முன்பு டிராக்டரைக் கவிழ்த்த அதே விசை இப்போது அதைத் தரையோடு பிடித்து வைத்தது. கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தின் மேல் இறங்கியதால், இலேசான டிராக்டரும் வழுக்காமல் உழுதது. மண்ணின் எதிர்ப்பு கூடினால் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானாகச் சற்றே உயர்த்தும். குறைந்தால் இறக்கும். நீங்கள் டிராக்டரில் தினமும் கை வைக்கும் டாப் லிங்க்கும் அதன் உணர்வு அமைப்பும் இதுதான்.

சொல்வதற்கு எளிது, செய்து முடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920-களில் காப்புரிமைகள் பெற்றார். தம் முறை முழுமையாக வேலை செய்கிறது என்று காட்ட 1933-ல் தாமே ஒரு டிராக்டரைக் கட்டினார். கறுப்பு வண்ணம் பூசியதால் அதற்குக் கறுப்பு டிராக்டர் என்றே பெயர். 1936 முதல் இங்கிலாந்தின் டேவிட் பிரவுன் நிறுவனம் அதன் அடிப்படையில் டிராக்டர் செய்தது. விற்பனை மந்தம். கூட்டாளிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தது.

கைகுலுக்கலில் முடிந்த ஒப்பந்தம்

1938 அக்டோபரில் பெர்குசன் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். ஃபோர்டின் இடத்திலேயே உழுது காட்டினார். ஃபோர்டும் விவசாயி மகன், பார்த்ததும் புரிந்துகொண்டார். ஃபோர்டு டிராக்டர் செய்வது, பெர்குசன் தம் முறையைத் தருவதோடு விற்பனையையும் பார்த்துக்கொள்வது என்று பேசி இருவரும் கைகுலுக்கினார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. 1939-ல் அந்த டிராக்டர் வெளிவந்தது. அடுத்த எட்டு ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேல் தயாராயின.

1947-ல் ஹென்றி ஃபோர்டு இறந்தார். நிறுவனம் அதற்கு முன்பே பேரன் கைக்கு வந்திருந்தது. பேரன் அந்த வாய்மொழி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். ஆனால் புதிய ஃபோர்டு டிராக்டரிலும் பெர்குசன் முறை இருந்தது. பெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டு இழுபறிக்குப் பின் 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலரோடு சமரசம் ஆயிற்று. நியாயம் ஓரளவு கிடைத்தது. ஆனால் இடையில் போன ஆண்டுகளும் சந்தையும் திரும்பவில்லை.

பழைய டிரெய்லர் வாங்கும் நண்பர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று கைமேல் பணம் கொடுத்து ஓட்டி வந்துவிடுகிறோம். டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான். பதிவுச் சான்று உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும், காப்பீடும் இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

சின்ன சாம்பல் நிற டிராக்டரும் அதன் டிரெய்லரும்

ஃபோர்டு உறவு முறியும் முன்பே பெர்குசன் இங்கிலாந்தில் வழி தேடிக்கொண்டார். 1946 முதல் கவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலையில் டிஇ20 என்ற டிராக்டர் தயாரானது. சாம்பல் நிறம், எடை சுமார் 1,100 கிலோ. 1951-ல் டீசல் இன்ஜினோடும் வந்தது. 1956 வரை 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டன. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த டிராக்டர்களில்தான்.

உங்களுக்கும் எனக்கும் முக்கியமானது அந்த டிராக்டருக்காகப் பெர்குசன் நிறுவனம் செய்த இருசக்கர டிரெய்லர். சாதாரணமாக அச்சை நடுவில் வைப்பார்கள். இதில் அச்சைப் பின்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் சுமையின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கியது. கொக்கியையும் தாழ்வாக வைத்தார்கள். சுமை ஏற ஏற டிராக்டரின் பிடிப்பும் கூடியது. இலேசான வண்டி ஈர நிலத்திலும் கனமான சுமையை இழுத்தது.

இதில் நமக்குப் புதிது எதுவும் இல்லை. மாட்டு வண்டி கட்டிய நம் பெரியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதும் இதைத்தான். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாடு கழுத்து தாழ்ந்து திணறும். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் முன்பாரமாகப் பாரம் ஏற்றுவதே வண்டிக்காரரின் திறமை. பிக்கப்புக்கும் அதே கணக்குத்தான்.

கடைசிக் காலமும் சென்னைத் தொடர்பும்

1953-ல் பெர்குசன் தம் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலை பேசியதில் 10 லட்சம் டாலர் இடித்தது. அதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள், பெர்குசன் தோற்றார். மறு ஆண்டே அங்கிருந்து விலகிவிட்டார். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் பாதுகாப்பான கார் செய்வதில் மூழ்கினார். கார் நிறுவனங்கள் முன்வரவில்லை. மனச்சோர்வும் தூக்கமின்மையும் அவரை வாட்டின. 1960 அக்டோபர் 25 அன்று, 75 வயதில், இங்கிலாந்தில் தம் வீட்டில் இறந்தார்.

அதே 1960-ல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. மாஸி பெர்குசன் தொழில்நுட்பத்தோடு செம்பியம் ஆலையில் டிராக்டர்கள் உருவாயின. 1964-ல் அந்த நிறுவனம் கேளம்பாக்கம் அருகே படூரில் ஜே பண்ணையை அமைத்தது. மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள ஊர் அது. குரோவெல் கிராமத்துப் பையன் வெறுத்து விலகிய உழவு வேலையை இலேசாக்கிய முறை, இப்படி நம் கடலோர மண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் முறை பிக்கப்பில் டிரெய்லர் மாட்டுகிறீர்களா?

பெர்குசன் கற்றுக்கொடுத்ததை உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பாருங்கள்.

1. வண்டிக்கு இழுக்கும் அனுமதி உண்டா? வண்டியோடு வந்த கையேட்டில் இழுவைத் திறன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கக் கொடுத்திருக்கும் வளையம் டிரெய்லருக்கானது அல்ல. பம்பரில் பட்டறைக்காரர் பற்றவைத்த கொக்கியை நம்பவே கூடாது. கொக்கி சேசிஸில் பொருந்த வேண்டும். உங்கள் ஓட்டுநர் உரிமம் டிரெய்லருக்குப் பொருந்துமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

2. முன்பாரக் கணக்கு. இருசக்கர டிரெய்லரில், சுமையோடு சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 400 கிலோ டிரெய்லரில் 40 கிலோ நெல் மூட்டை 25 ஏற்றினால் மொத்தம் 1,400 கிலோ. கொக்கியில் 140 முதல் 210 கிலோ வரை இறங்க வேண்டும். சமதரையில் டிரெய்லரைக் கழற்றி, முன்காலைத் தராசுத் தட்டில் கொக்கி உயரத்துக்கு நிறுத்தினால் எடை தெரிந்துவிடும். இந்த எடை பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் சேரும். பிக்கப்பிலும் முழுச் சுமை, டிரெய்லரிலும் முழுச் சுமை என்று ஏற்றினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு போகும்.

3. பின்பாரம் ஆபத்து. சுமையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின்பாரம் ஏறினால் வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்புபோல் இடவலமாக ஆடும். சவுக்கு ஏற்றும்போது தடித்த அடிமரம் முன்பக்கம் வரும்படி அடுக்குங்கள். நுனி டிரெய்லருக்கு வெளியே நீளாதபடி அடுக்குங்கள்.

4. கொக்கியும் சங்கிலியும். டிரெய்லர் முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். பின்னுக்குப் பூட்டுக் கம்பி போட்டீர்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லரின் முன்பகுதி சாலையில் குத்தாமல் அவை தாங்கும். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் டிரெய்லரில் எரிய வேண்டும்.

5. ஓட்டும் முறை. டீசல் இன்ஜினுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவிசை கிடைக்கும். முதல் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள், கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டாம். முதல் நாள் வெற்று டிரெய்லரோடு ஊருக்குள் ஓட்டிப் பழகுங்கள். சுமையோடு போகும்போது 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். முன்வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விடுங்கள். திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும், அதனால் அகலமாகத் திரும்புங்கள்.

6. இறக்கமும் காற்றும். மேம்பாலச் சரிவில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலம்போன்ற திறந்த இடங்களில் பக்கவாட்டுக் காற்று உயரமான சுமையைத் தள்ளும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை வெட்டவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். பதறி மிதித்தால் இரண்டு வண்டியும் கத்தி மடங்குவதுபோல் மடங்கும்.

7. பின்னால் எடுப்பது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். நெல் களத்தில் இரண்டு நாள் பழகினால் போதும். கைகாட்டும் ஆள் உங்கள் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். இரு வண்டிகளுக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது. கழற்றும் முன் டிரெய்லர் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள்.

8. கடலோரப் பராமரிப்பு. உப்புக் காற்றில் கொக்கியும் பின்னும் விளக்கு ஒயர்களும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவுங்கள். தேய்ந்த பின்னை மாற்றிவிடுங்கள். சுமையோடு கிளம்பி 5 கிலோமீட்டர் போனதும் ஒரு முறை நிறுத்தி, கயிறு தளர்ந்திருக்கிறதா, சக்கர நட்டு இறுக்கமாக இருக்கிறதா, அச்சு சுடுகிறதா என்று பாருங்கள்.

9. ஆளை ஏற்றாதீர்கள். நடவுக்கும் அறுவடைக்கும் போகும் பெண்களையும் குழந்தைகளையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மூட்டை கவிழ்ந்தால் அள்ளிக்கொள்ளலாம், மனிதர்கள் கவிழ்ந்தால் என்ன செய்வது? டிரெய்லர் சரக்குக்கு மட்டுமே. இதில் விதிவிலக்கு எதுவும் வேண்டாம்.

பிக்கப்பின் தாங்கும் அளவை மீறிய சுமை என்றால் டிராக்டரே சரி. சொந்த டிராக்டர் இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்தில் வாடகை இயந்திரங்கள் பற்றிக் கேட்கலாம். இருக்கிற வண்டியில் இன்னும் நாலு மூட்டை ஏறுமா என்று பார்ப்பதைவிட, இரண்டு நடையாகப் போவது நல்லது. இரண்டாவது நடைக்கு ஆகும் டீசல், ஒரு விபத்தின் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.